வாசனை தெரியாத அண்ணிக்கு

என் அண்ணி,

உங்களுக்கு வாசனை தெரியாதாமே?

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்போதும் நம்ப முடியவில்லை. நம் தெருவில் எந்த வீட்டு விசேஷமானாலும், சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்லுவார்கள். அப்படிப்பட்டவர், பெருங்காயத்தை மூக்கருகே வைத்தால்கூட ஒன்றும் தெரியாமல், இத்தனை வருடம் எங்களுக்குச் சமைத்துப் போட்டீர்கள் என்றால் நான் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுதும்மா. இனிமே யாரு அவ கையிலேர்ந்து கரண்டியப் புடுங்கப் போறாங்க?" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பு என் கைக்கு வந்தது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட என்னை, நாத்தனார் என்று பார்க்காமல் தங்கைபோல வைத்துக்கொண்ட வீடு இது. பள்ளிக்கூட வேலையும் முடிந்துவிட்டது. அண்ணனுக்குச் சமைத்துப் போடுவதைவிட எனக்கு வேறு என்ன வேலை? ஆனால் அவர் சாப்பிடவில்லை, அண்ணி. அரை இட்லியோடு எழுந்துவிடுவார். மத்தியானம் சோற்றைப் பிசைவார், ஓரமாக ஒதுக்குவார், கை கழுவிவிடுவார். சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். ஒரு நாள் நெசவுக்கு உட்காரத் தறிக்குழியில் இறங்கும்போது தலை சுற்றி, தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஒரு நாள் எழுந்திருக்காமலே போய்விடுவார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"நல்லா இல்லியாண்ணா?" என்று கேட்பேன்.

"நல்லாத்தாம்மா இருக்குது."

"அப்புறம் ஏன் எழுந்துட்ட?"

"வவுறு ரொம்பிடுச்சு."

அரை இட்லியில் வயிறு நிரம்புமா? துக்கம் என்று நினைத்தேன். நாள் ஆக ஆகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இந்த நேரத்தில்தான் உங்கள் மகள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தாள். வேலைக்குப் போகிற பெண், வெறுங்கையோடு வருவாளா? ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி ஜாடிகள். "அத்தை, அந்தப் பழைய டப்பால்லாம் ஒரே பிசுக்கு. எல்லாத்தையும் இதுல மாத்திடுங்க, கிச்சனே நீட்டா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். உங்கள் டப்பாக்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. தறியில் மிஞ்சும் பட்டு நூலை எடுத்து ஒவ்வொன்றின் கழுத்திலும் சுற்றி வைத்திருந்தீர்கள். ஒன்றுக்கு அரக்கு, ஒன்றுக்குக் கிளிப்பச்சை, ஒன்றுக்கு மாம்பழ மஞ்சள். எண்ணெய்ப் பாத்திரத்தின் பிடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு குஞ்சம். சிலதில் புடவையின் கோபுரக் கரைபோலக் கூம்புக் கூம்பாகப் பின்னியிருந்தீர்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு! எங்கள் பழைய டீச்சர்கள் வாட்ஸாப் குழுவில் அதைப் படம் எடுத்துப் போட்டு, 'எங்கள் அண்ணியின் கைவண்ணம்' என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நூல்களைத் தனியே எடுத்து உங்கள் நினைவாக ஒரு பெட்டியில் வைக்கலாம் என்று கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தண்ணீர் குடிக்கத் தறியிலிருந்து எழுந்து வந்தார். பார்த்தார். கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது.

"ஐயையோ! இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற?"

"டப்பா மாத்தறேண்ணா. நூலெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன்."

"அத ஏன் அறுத்த? அது இன்னா அழகுக்குக் கட்னதுன்னு நெனச்சிக்கினியா?"

"பின்ன எதுக்கு?"

"சாம்பார்த்தூளு எது, ரசத்தூளு எது, நல்லெண்ண எது, கடலெண்ண எதுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? மூக்குதான் செத்துப்போச்சே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். அண்ணன் சிரிக்கவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்கோல் என் கையிலேயே இருந்தது.

கொரோனாக் காய்ச்சலில் நாம் மூவரும் படுத்தோம். எனக்கும் கொஞ்ச நாள் காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. உங்களுக்கும் சரியாகிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். சரியாகவே இல்லையாம். நாக்கில் உப்பு, புளிப்பு என்று எதை வைத்தாலும் ஏதோ வெகுதூரத்தில் இருப்பதுபோலத்தான் தெரியுமாம். வாசனை அடியோடு இல்லை. என்னிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அண்ணனோடு டாக்டரிடம் போனீர்களாம். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று அவர் கைவிரித்தாராம்.

அந்தச் சமயத்தில்தானே, சாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைப்பதில்லை என்று ஒரு விரதம் எடுத்தீர்கள்? அமாவாசைப் படையலுக்கு மட்டும் இருந்த வழக்கத்தை நீங்கள் எல்லா நாளைக்கும் ஆக்கிவிட்டீர்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லி மெச்சியிருப்பேன்! "எங்க அண்ணி உப்புகூடப் பார்க்கமாட்டாங்க, கை வெச்சா அளவு," என்பேன்.

பள்ளியில் கரும்பலகை தெரியாத பிள்ளையை நான் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அது கண்ணைச் சுருக்காது. தெரியவில்லை என்றும் சொல்லாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து அழகாக எழுதிவிடும். யார் எழுதி முடித்த பிறகு யார் எழுதுகிறார்கள் என்று கவனித்தால் போதும், தெரிந்துவிடும். இதைப் புதிதாக வரும் டீச்சர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் யார் நோட்டைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் நோட்டைத்தான். குழம்பு கொதிக்கும் நேரத்துக்குச் சரியாக அவர் தறியைவிட்டு எழுந்து வருவார். தண்ணீர் வேண்டும் என்பார், தீப்பெட்டி வேண்டும் என்பார். "பசி தாங்காத ஆளுப்பா இவரு," என்று நீங்கள் உரக்க அலுத்துக்கொள்வீர்கள். நானும் கூடச் சேர்ந்து கேலி செய்வேன். உள்ளே நீங்கள் கரண்டியை நீட்டுவீர்களாம், அவர் ருசி பார்த்து விரலை ஆட்டுவாராம். சுண்டுவிரல் என்றால் உப்பு, கட்டைவிரல் என்றால் புளி. பேச்சே கிடையாது. பேசினால் எனக்குக் கேட்டுவிடும் அல்லவா?

"ஏண்ணா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

"அவதான் சொல்லாதன்னா. 'டீச்சருக்குத் தெரிஞ்சா பாவம்னு கரண்டிய வாங்கிக்கும். அப்பறம் இந்த வூட்ல எனக்கு இன்னா வேல?'ன்னா."

வாங்கியிருப்பேனா, அண்ணி? வாங்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. உட்காருங்கள், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று அன்பாகவே வாங்கியிருப்பேன்.

ஆனால் மல்லிகை? வெள்ளிக்கிழமைதோறும் கடைத்தெருவிலிருந்து வாங்கி வருவேனே. கையில் ஏந்தி, கண்ணை மூடி, "என்னா வாசனை டீச்சர்!" என்பீர்களே. எனக்காகவா அந்தக் கண்ணை மூடினீர்கள்? அல்லது, மூடினால் ஏதாவது ஞாபகத்துக்கு வருமா? அண்ணனும் அறியாத ஒன்று உங்களிடம் இருந்திருக்கிறது.

"அப்போ தெருவே சொன்ன கைமணம் உன்னோடதா?" என்று கேட்டேன். அண்ணன் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ, நெசவுக்காரன் வூட்ல பொறந்துட்டு! கோர்வப் பொடவையில கரைக்கு நாடா வுடுறவ, இது நான் நெய்ஞ்ச பொடவன்னு சொல்லிக்குவாளா? அத்தினி வருசம் அவ எனக்குக் கரைப்பக்கம் ஒக்காந்தா. நான் கொஞ்ச நாளு அவளுக்கு ஒக்காந்தேன்."

கோர்வைத் தறியில், ஊடுநூல் ஓட்டும் நாடாவைப் புடவையின் உடலுக்கு எறிகிறவர் ஒருவர், கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் ஒருவர். அண்ணன் தறியில் அந்தப் பக்கத்து இடம் உங்களுடையது. இப்போது அங்கே ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் வந்து உட்காருகிறாள். தறி நிற்கவில்லை. அடுப்பும் நிற்கவில்லை. ஆனால் அடுப்பங்கரையில் அண்ணனுக்கு இருந்த இடத்தில் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே ருசி பார்த்து, நானே முடித்து, தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவர் எழுந்துபோனார். அண்ணன் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கே குழம்பு கொதிக்கும்போது தறியருகே போய் நின்றேன். "உப்பு பார்க்க வாண்ணா."

"உனக்கு நாக்கு இல்லியா?" நாடாவை நிறுத்தாமலே கேட்டார்.

"நாக்கு இருக்குது. அண்ணி கொழம்பு எங்க வந்து நிக்கணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அது உனக்குத்தான தெரியும்?"

பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் நாடாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, கை கழுவிக்கொண்டு, அடுப்பருகே வந்து நின்றார். கரண்டியை நீட்டினேன். ருசி பார்த்தார். கட்டைவிரல் தானாக எழுந்தது. எனக்கு அந்தப் பாஷை வராது என்று ஞாபகம் வந்ததும் வாயைத் திறந்தார். "புளி கொஞ்சம் கரைச்சி வுடு. கொதிக்கட்டும். இன்னும். அவசரப்படாத. வெல்லம் கிள்ளிப் போடு. அவ்ளோ போடச் சொல்லல!" என்னை இப்படி அதட்டியவர்கள் என் ஆயுளில் கிடையாது. நானும் நல்ல மாணவிபோலச் சொன்னபடி செய்தேன்.

அது உங்கள் குழம்பு ஆகவில்லை, அண்ணி. பொய் சொல்லமாட்டேன். இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் முதல் கவளத்தை மென்றார், முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கம்மி," என்றார். "உம்மேல தப்பு இல்ல. நான்தான் வுட்டுட்டேன்." பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னொரு கை சோறு போடு," என்றார்.

இனி இந்த வீட்டில் அவர் சொல்லாமல் குழம்பு இறங்காது. அவர் வயிறு நிறையாமல் நான் கை கழுவமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் வாய் நிறைய 'டீச்சர்' என்று கூப்பிட்ட,
உங்கள் நாத்தனார்
கோமதி