யாருக்காவது கோபம் வருமா?

மே 27
கடைசித் தேர்வான கணக்கு வாய்மொழித் தேர்வுக்கான பத்துக் கேள்விகளையும் கிர்ஸ்டன் டீச்சர் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவை சீட்டுகளாக மேசையில் கவிழ்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்து, அரை மணி நேரம் யோசித்து, உள்ளே போய்ப் பேச வேண்டும். ஒன்பது பரவாயில்லை. நான்காவதுதான் எமன்: ‘எத்தனை வழிகள்? எந்த முறை, ஏன்?’ பெருக்கிவிட்டு நிறுத்துவதா, வகுக்கவும் வேண்டுமா - நான் எதைச் செய்தாலும் அது தப்பு. எத்தனை தடவை தப்பு என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அது வந்தால்? என் மற்ற மதிப்பெண்கள் இருக்கிற லட்சணத்தில், பள்ளிப் படிப்பில் தேறியவர்கள் போடும் வெள்ளைத் தொப்பி எனக்குக் கிடையாது. வகுப்பே தொப்பி போட்டு, லாரியில் ஒவ்வொருவர் வீடாகப் போய் விருந்து சாப்பிட்டுக் கூத்தடிக்கும். நான் தெருவோரம் நின்று கையாட்டணும்.

மே 30
அஸ்கரிடம் திட்டத்தைச் சொன்னேன். எங்கள் குழுவில் ஏழு பேர். என் குடும்பப் பெயர் ஓஸ்டர்கோர்; எங்கள் மொழியில் அந்த ‘ஓ’ அகரவரிசையின் வாலில் வரும், அதனால் நான்தான் கடைசி ஆள். எடுத்த சீட்டைத் திரும்ப வைக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் யாராவது நாலை எடுத்துத் தொலைப்பார்கள்.

“லூசு, முதல் ஆளோ கடைசி ஆளோ, பத்துல ஒண்ணுதான்.”

“ஆறு பேர் எனக்காக எடுக்கப் போறாங்கடா!”

“அவங்க கையில வரலன்னா? மிச்சமே நாலு சீட்டுதான்டி.”

பொறாமை. அவன்தான் முதல் ஆள்.

ஜூன் 11
சைக்கிள் நிறுத்துமிடத்தில் பூட்டாதவற்றையெல்லாம் இடம் மாற்றினேன். டீச்சருடையதையும். நல்ல நாள்.

ஜூன் 18
ஆறு பேர் எடுத்தாயிற்று. ஒருத்தருக்கும் நாலு வரவில்லை. மேசையில் நான்கே சீட்டு. ஐயோ, பத்தில் ஒன்று எங்கே போச்சு?

அஸ்கர் காலையிலேயே தேறி, தொப்பியும் போட்டுக்கொண்டு எனக்காக நடைபாதையில் உட்கார்ந்திருந்தான்.

“அன்னிக்கு சைக்கிளை மாத்தி வச்சியே, யாருக்காவது கோபம் வந்துச்சா?”

“எல்லாருக்கும்.”

“அப்ப வரிசை முக்கியம். பெருக்கினதோட நிறுத்து. பையில மூணு ஆப்பிள் போட்டுக் குலுக்கினா?”

“ஆப்பிளுக்கு என்னடா கோபம்?”

“அதான். கோபம் வரலன்னா வகு.”

கூப்பிட்டார்கள். திருப்பினேன். நாலு.

உள்ளே வாய் தானாகப் பேசியது. பன்னிரண்டு சைக்கிளில் மூன்றை மூன்று இடங்களில் நிறுத்த 1320 வழி. இடம் மாறினால் சொந்தக்காரர் கத்துவார். மூன்றைத் தூக்கி லாரியில் போட்டால் எது முதலில் ஏறினாலும் அதே மூன்றுதான், யாரும் கத்தப் போவதில்லை. ஆறால் வகு: 220. வெளியூர்த் தேர்வாளர் சிரித்தார். உதாரணம் எங்கே கிடைத்தது என்று டீச்சர் கேட்கவில்லை. பார்த்தார். அவ்வளவுதான்.

தேறிவிட்டேன். கதவுக்கு வெளியே அம்மா, என் தலையில் தொப்பியை வைத்தாள். தொப்பி கொஞ்சம் பெரிது.

ஜூன் 26
லாரி எந்த வரிசையில் போவது என்று சண்டை. “எல்லா வீட்டுக்கும்தானே போறோம், எப்படிப் போனா என்ன?” என்றான் ஒருவன்.

“கடைசி வீட்டுக்காரங்க சூப் ஆறிப்போகும். கோபம் வராதா?” என்றேன்.

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கடைசி - எங்கள் வீடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா சூப்பை மூன்றாம் முறையாகச் சுட வைத்துக்கொண்டிருந்தாள். “வந்துட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க.” முகத்தை நன்றாகப் பார்த்தேன். கோபமே இல்லை.

வகுக்க வேண்டிய கணக்கு.