ரிங் கம்பியின் நுனி

மேற்குத் தாம்பரம்
24-4-1994

1. இக்கடிதத்தை எழுதுபவன், இவ்வூரில் இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞராகவும் ஒன்பது ஆண்டுகளாக நோட்டரியாகவும் இருந்துவரும் சுப்பராயலு, வயது ஐம்பத்தெட்டு, உன் தகப்பன்.

2. இதைப் பெறுபவன், கடந்த பிப்ரவரி முதல் மஸ்கட்டில் பொறியாளனாகப் பணிபுரியும் என் ஒரே மகன்.

3. நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலவாமல் எழுத முயன்றிருக்கிறேன்.

சிரஞ்சீவி தட்சிணாமூர்த்திக்கு ஆசீர்வாதம். நீ அனுப்பிய பார்சல் பழுதின்றி வந்தது. அம்மாவின் முழங்கால் வலி சற்றுத் தேவலை. தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. வீட்டுச் செய்தி இவ்வளவே.

சென்ற செவ்வாயன்று கம்பி மேஸ்திரி சவுரிமுத்து என் அலுவலகத்துக்கு வந்தார். பம்மலில் பேபி டீச்சர் நடத்தும் தொடக்கப் பள்ளியின் புதுக் கட்டடத்துக்குக் கம்பி கட்டியவர் அவர்; வரைபடம் உன்னுடையது. தூணின் நெடுங்கம்பிகளை வளைத்துக் கட்டும் ரிங் கம்பிகள் இரண்டைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்; அவற்றை எடுத்து, கட்சிக்காரர்கள் முன்னிலையிலேயே என் மேசைமேல் வைத்தார். ஒன்றன் நுனிகள் உட்புறமாக நன்கு வளைந்திருந்தன. மற்றதன் நுனிகள் ஓரத்தோடு மடங்கி நின்றுவிட்டன. நிலம் குலுங்கும்போது தூணின் வெளிப்புறக் காங்கிரீட் உதிர்ந்தால், முதலாவது பிடியை விடாது என்றும், இரண்டாவது திறந்துகொள்ளும் என்றும் விளக்கினார். பள்ளித் தூண்கள் அனைத்திலும் இருப்பது இரண்டாவது.

இதை எங்கே கற்றீர் என்று வினவினேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்:

"நெலநடுக்க கிளாசுல தம்பிக்குப் பதிலா அஞ்சு நாளும் நான்தான் சார் குந்திகினு இருந்தேன். தம்பி விசா வேலையா சுத்திகினு இருந்தாரு. இங்கிலீசு இன்னா புரிஞ்சிது எனக்கு? டீ குட்த்தாங்க, குட்ச்சேன். நாலாம் நாளு அந்த புரொபசரு வெளிய மணல்ல எறங்கி, என் கையப் புட்ச்சு கம்பிய வளைக்கச் சொல்லிக் காட்னாரு. அது புரிஞ்சிது. தம்பியாண்ட வந்து சொன்னேன். நீ இன்னா இஞ்சினீயரா, டிராயிங்ல இருக்கறத கட்டுன்னாரு. கட்டிட்டேன் சார். ஜூன்ல என் பொண்ணு அங்க ஒண்ணாங்கிளாசு."

அவர் ரிங்குகளை என் மேசையிலேயே விட்டுச் சென்றார்.

மகனே, அந்தப் பயிற்சி எதற்காக நடத்தப்பட்டது என்பதை நீ அறிவாய். சென்ற செப்டம்பரில் லாத்தூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீதே வீடுகள் விழுந்தன. அதன் பிறகு ஒரு பொறியாளர் சங்கம் மண்டபம் பிடித்து, ஐந்து நாள் வகுப்பு வைத்து, பொன்னெழுத்தில் சான்றிதழ் வழங்கியது. ஐந்து நாளில் ஒரு கேள்வித்தாள் இல்லை. வந்திருப்பவர் யார் என்று ஒருவரும் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்கூட்டர் உரிமத்துக்குக்கூட எட்டு போட்டுக் காட்டச் சொல்கிறார்களே! முந்நூறு குழந்தைகளின் தலைக்குமேல் கூரை போடுகிறவனுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போதுமானதாகிவிட்டது. அந்தக் கையெழுத்தும் அவனுடையதன்று.

சென்னையில் இத்தகைய ரிங்கைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்று நீ வாதிடக்கூடும். உண்மையே, விதிகளைப் பார்த்துவிட்டேன். சட்டம் கேட்கவில்லை, பேபி டீச்சர் கேட்டார். லாத்தூர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, பயிற்சி பெற்ற பொறியாளரே வரைய வேண்டும், பயிற்சியில் சொன்னபடியே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தம் கைப்படச் சேர்த்தார். அந்த வரியை நம்பவைத்தே நீ வேலையைப் பெற்றாய்.

இனி என் பங்கு. அவர் சான்றிதழ் நகல் கேட்டபோது, நீ அசலையும் நகலையும் கொண்டுவந்தாய். ஒப்பிட்டேன், எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது, முத்திரையிட்டேன். அந்நியன் ஒருவன் கொண்டுவந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். மகன் என்பதால், அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் நீ என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாய் என்பதுகூட என் நினைவுக்கு வரவில்லை. உன்மீது எனக்குள்ள கோபத்தில் சரிபாதி என்மீதும் இருக்கிறது. அதனால் உன் பாதி குறைந்துவிட்டதாக எண்ணாதே.

பரிகாரம் உண்டு. வகுப்பெடுத்த பேராசிரியர் கஸ்தூரிரங்கனைச் சந்தித்தேன். தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, காங்கிரீட் உறை போட்டு வலுப்படுத்தலாம் என்கிறார். நேரில் நின்று செய்வித்துத் தரவும் இசைந்தார். அதற்கு உன் கணக்குத் தாள்களும், வரைபடத்தில் என்னென்ன விடுபட்டது என்று உன் கைப்பட ஒரு கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தைப் பேபி டீச்சருக்கே எழுது. நீ வகுப்புக்குப் போகவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுது.

இப்போது கோடை விடுமுறை; கட்டடத்தில் குழந்தைகள் இல்லை. அந்த ஒரே காரணத்தால் உனக்கு மே பதினாறு, திங்கட்கிழமை வரை அவகாசம் தருகிறேன். அன்று காலை நான் பம்மலுக்குச் சென்று என் முத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லப்போகிறேன். உன் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் போவேன். மகன் முந்திக்கொண்டான் என்று அவர் சொல்லக் கேட்கும் பேற்றை மட்டும் எனக்கு மறுத்துவிடாதே.

அம்மா இதை இருமுறை வாசித்தாள். கடைசியில் அவள் வழக்கமாக எழுதும் நாலு வரிக்கு இடம் விட்டிருந்தேன். எழுத ஒன்றுமில்லை, சாட்சியாகக் கையெழுத்திடுகிறேன் என்றாள். சவுரிமுத்துவையும் வரவழைத்தேன். பதிவேட்டில் ஐந்து நாளும் உன் பெயரை எழுதியவர் அவர். பேனாவைக் கொடுத்ததும், எந்தப் பெயரை எழுதட்டும் சார் என்று கேட்டார். உம் பெயரை என்றேன்.

நீ நீடூழி வாழ வேண்டும். நீ கட்டும் கூரைகளின்கீழ் இருப்பவர்களும் அவ்வாறே வாழ வேண்டும்.

இப்படிக்கு,
(ஒப்பம்) சுப்பராயலு

சாட்சிகள்:
1. ம. சவுரிமுத்து, கம்பி மேஸ்திரி, பம்மல்
2. சு. காந்திமதி, தட்சிணாமூர்த்தியின் தாய்