வெள்ளைக் குதிரைக்கு நான் கட்டிவிட்ட கதை

ஜூன் 3, 2019, திங்கள்

ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம். ஃபிலிப்பா ரட்ஜ் என்ற ஆய்வாளர் நம் குன்றின் வெள்ளைக் குதிரையைப் பற்றி எழுதுகிறாராம். ‘ஊர்க் கதைகளின் காவலர்’ என்று என்னைப் பார்க்க வருகிறாராம். அறுபத்தொன்பது வயது, மடங்காத முழங்கால். நல்ல காவலர்தான்.

ஜூன் 6, வியாழன்

ஃபிலிப்பா வந்தார். குன்றுச் சரிவில் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்புக்கல்லை இடித்து நிரப்பி அந்தக் குதிரையை வரைந்தது யார் என்று அவருக்கும் தெரியாது. ரோமர்களுக்கு முந்தைய கூட்டம் என்பார்கள். பொழுது போகாத பண்ணையார் ஒருவர் என்றும் சொல்வார்கள்.

“ஆனா ஒரு கதை இருக்கே. ஓடையில தண்ணி மொண்டு வந்து குதிரை வாயில ஊத்தினா, வீட்ல இருக்கிற நோயைக் குதிரை கொண்டு போயிடும்னு. ரொம்பப் பழைய நீர் வழிபாடு அது. குதிரை அவ்வளவு பழசுங்கிறதுக்கு அதுதான் என்னோட ஆதாரமே” என்றார்.

தேநீர் எனக்குப் புரையேறியது. அது 1974 ஆகஸ்டில் பிறந்த கதை. பப்பில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டேப் ரெக்கார்டரோடு வந்தவன் பழங்கதை ஏதாவது உண்டா என்றான். அழகான மீசை. ஒரு கோப்பை நிரம்புவதற்குள் கட்டிவிட்டேன், அம்மா சொன்னது என்று. அம்மா லிவர்பூல்காரி, குன்றையே பிடிக்காது.

ஜூன் 7

சொல்லவில்லை. கோழை.

ஜூன் 14, வெள்ளி

ஊர்க் கூடத்தில் ஃபிலிப்பா பேசி முடித்ததும் எழுந்து நின்றேன். “அந்தத் தண்ணிக் கதை நான் கட்டிவிட்டது” என்றேன்.

அஞ்சலகத்து மியூரியல் திரும்பினாள். “உக்காரு வின்னி. எங்கப்பா போருக்குப் போறதுக்கு முன்னாடியே எங்களுக்குச் சொன்ன கதை அது.”

அவர் போருக்குப் போனபோது நான் பிறக்கவே இல்லை. பொய் சொன்னதற்குச் சாட்சி கேட்டார்கள். என்னிடம் ஏது? வயசானால் இப்படித்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஊரறிய உண்மை சொன்னேன், அதுவும் எடுபடவில்லை.

ஜூன் 15, சனி

ஆல்பர்ட் வந்து தோட்டத்தில் உட்கார்ந்தான். இவன் முகத்துக்குத்தான் நான் இத்தனை வருஷம் பயந்தேன். 1988-இல் இவன் மனைவி ஜீன் நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இவன் தினமும் விடிந்ததும் வாளியோடு குன்றேறினான். அறுபது நாள். அவள் பிழைக்கவில்லை.

“என்னை மன்னிச்சிடு ஆல்பர்ட்.”

“எதுக்கு? நீ அந்த மீசைக்காரன்கிட்ட அளந்தப்ப நான் பக்கத்து மேஜையிலதான் இருந்தேன்.”

“பொய்னு தெரியுமா? தெரிஞ்சுமா ஏறின?”

“ஜீனுக்குப் படுக்கையிலேர்ந்து குன்று தெரியும். மேல போனதும் கை காட்டுவேன், அவளும் கை காட்டுவா. வேற என்ன வேலை இருந்துச்சு எங்களுக்கு?”

அப்புறம் என் ரோஜாவில் பூச்சி என்றான். நான் உள்ளே போய் — வெங்காயம் எதுவும் நறுக்காமலே அழுதேன். என்ன பொம்பள நான்? முப்பது வருஷமா இவன் கண்ணைப் பாக்காம ரொட்டிக் கடையில ஒளிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேனே!

ஜூன் 28, வெள்ளி

ஃபிலிப்பா கட்டுரையை அனுப்பியிருக்கிறார். அடிக்குறிப்பில் நான்: ‘இக்கதையை மதுக்கடைப் பெண்ணொருத்தி புனைந்தாள் என்ற பிற்காலக் கதையும் ஊரில் வழங்குகிறது.’

நானே கட்டுக்கதை ஆகிவிட்டேன்.

ஜூலை 13, சனி

குதிரை மங்கிப்போகாமல் இருக்க ஊரே கூடிப் புதுச் சுண்ணாம்பு இடிக்கும் நாள். இத்தனை வருஷம் சாக்குச் சொல்லித் தப்பித்தவள் இன்று போனேன். ஆல்பர்ட் சுத்தியல் கொடுத்தான். நான்கு அடி இடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூர்ப் பெண் ஒருத்தி, கையில் காலி பாட்டில். கணவனுக்குச் செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சையாம். “அந்தத் தண்ணிக் கதை நிஜமாங்க?” என்று என்னைத்தான் கேட்டாள்.

ஆல்பர்ட் இடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

“ஓடை அந்த வேலிக்குப் பின்னாடி இருக்கு” என்றேன். “வழுக்கும். இரும்மா, நானும் வர்றேன்.”

மேலே ஏறும்போது பாதி வழி பாட்டிலை நான்தான் தூக்கி வந்தேன்.