ரத்து செய்யப்பட்ட மழை

கே.கே. நகர்,
ஞாயிறு மாலை.

காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், தன் தோழி யமுனா டீச்சர் வீட்டு மாடி அறையில் இருக்கும் ராணிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பதாக யமுனா டீச்சர் சொன்னார்கள். நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

நீ கிளம்பிய அன்று, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். “மழைக்கும் நீங்கதான் ஹெட்மாஸ்டரா?” என்றாய். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஹெட்மாஸ்டர் பதவி வரவில்லை, புவியியல் வாத்தியாராகவே ஓய்வு பெற்றேன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தே கேட்ட கேள்வி அது. அதனால் நிதானமாக யோசித்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

போனில் சொல்லலாமே என்று நினைக்காதே. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. யமுனா டீச்சர் போனுக்குக் கூப்பிட்டால் அவர்கள் எடுக்கிறார்கள், ஆனால் உன்னிடம் கொடுப்பதில்லை. முந்தாநாள், “இப்ப பேசற நிலைமையில அவ இல்லை சார்” என்றார்கள். பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று கேட்டேன். “சீரியல் பாத்துண்டிருக்கா” என்றார்கள்.

இந்தக் கடிதத்தை நீ அவர்களுக்கும் படித்துக்காட்டுவாய். அதனால் நடந்ததை என் தரப்பிலிருந்தும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டீச்சர், எங்கள் சர்ச் பங்கில் அன்பியம் என்று ஒன்று உண்டு. ஒரு தெருவில் இருக்கும் குடும்பங்கள் மாறி மாறி ஒவ்வொரு வீட்டில் கூடி, வேதத்தில் ஒரு பகுதியைப் படித்து ஜெபிப்போம். கடைசியில் மன்றாட்டு. யாருக்கு என்ன வேண்டுமோ அதை அவரவர் வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னதும் மற்ற எல்லோரும் ஒரே ராகத்தில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்வோம். பிறகு டீ, சுண்டல். எங்கள் தெரு அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர்.

போன கூட்டத்தில் நடந்தது இதுதான். எங்கள் மாடியில் எழும்பும் புது அறைக்கு அந்தச் சனிக்கிழமை தளம் போடுவதாக இருந்தது. கிறிஸ்துமசுக்கு எங்கள் மகள் பிரான்சி பிள்ளைகளோடு வரும்போது அந்த அறை தயாராக இருக்க வேண்டும். ஈரக் கான்கிரீட்டின் மேல் ஆடி மாதத்து இடிமழை கொட்டினால் என்ன ஆகும் என்று கொத்தனார் அன்புச்செல்வன் எனக்கு விளக்கியிருந்தார். எனவே, இந்த வாரம் முழுக்க மழை வராமல் காக்கும்படி மன்றாடினேன். எல்லோரும் பதில் சொன்னார்கள்.

அடுத்து ராணி. அவள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வையம்பட்டியில் தம்பி டோனி போட்ட நிலக்கடலை பூப்பிடித்த நேரத்தில் காய்கிறது, இந்த வாரமே நல்ல மழை வேண்டும் என்று மன்றாடினாள். அதற்கும் எல்லோரும், அதே ராகத்தில், கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள்.

ஒரே விடைத்தாளில் ஒரே கேள்விக்கு இரண்டு எதிர்ப் பதில் எழுதியிருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? ஒன்றை அடிப்பார். எழுந்து நின்று, “இரண்டாவது மன்றாட்டு ரத்து செய்யப்படுகிறது” என்று சொல்லிவிட்டேன். அதற்கும் அவர்கள், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள்!

சிரிக்காதீர்கள் டீச்சர். அன்று யாரும் சிரிக்கவில்லை. சுண்டல் கிண்ணத்தை ராணி என் முன்னால் வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ராணி, இனி உனக்கு.

சனிக்கிழமை ஒரு பொட்டு மழை இல்லை. தளம் அருமையாக விழுந்தது. நான் மாடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேகத்துக்கெல்லாம் அட்டவணை போட்டுக் கொடுத்தவன் போல நின்றேன் என்று பக்கத்து வீட்டு டோரதி பின்னால் சொன்னாள். அந்தப் பெருமை மறுநாள் காலைவரை தாங்கியது. காலையில் அன்புச்செல்வன் தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டினார். வயலில் பாத்தி கட்டுவது போலவே இருந்தது. அந்தப் பாத்திகளில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால்தான் கான்கிரீட் இறுகுமாம், இல்லாவிட்டால் வெடிக்குமாம். மோட்டாரைப் போடச் சொன்னார். போட்டேன். போர்க்குழாய் இருமியது. கொஞ்சம் சேறு வந்தது. அப்புறம் காற்று வந்தது.

அன்புச்செல்வன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சார், இப்ப ஒரு நல்ல மழை பேஞ்சா ஜோரா இருக்கும்” என்றார். அவர் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. அவர் நம் அன்பியம் இல்லை.

அன்றுமுதல் தண்ணீர் லாரி. லாரி வராத நாளில் ஈரச் சாக்கு. சாக்கை நனைக்கப் பக்கத்து வீட்டிலிருந்து குடம். அந்தக் கரையில் காவிரி இரண்டு பக்கமும் முட்டி ஓடுகிறது, அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக்குக் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம், நீயும் யமுனா டீச்சரோடு போய்ப் பார்த்தாய் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தண்ணீர் எங்கோ குடகு மலையில் பெய்த மழை. இங்கே ஒரு தூறல்கூட இல்லாமல் அங்கே வெள்ளம். இதைத்தான் முப்பது வருஷம் போர்டில் அம்பு அம்பாகப் போட்டுப் பாடம் நடத்தினேன். அந்த அம்புகளில் ஒன்றைக்கூட வளைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

கூட்டம் முடிந்த அன்று ராத்திரி நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நான் எலியா இறைவாக்கினரை உதாரணம் காட்டினேன். என் வாக்கில்லாமல் பனியும் மழையும் பெய்யாது என்று அவர் ராஜாவிடமே சொல்லவில்லையா, மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்பது வேதத்துக்கு விரோதம் இல்லை என்று வாதாடினேன். நீ, “அடுத்த நாலு வரியையும் படிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நேற்றுத்தான் படித்தேன். மழை நின்றது, சரி. அந்த மனிதர் ஓர் ஓடைக்கரையில் போய் ஒளிந்திருக்கிறார். காகம் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறது. சில நாள் கழித்து அந்த ஓடையே வற்றிப்போகிறது. ஏன் வற்றியது? மழை இல்லாததால்! இறைவாக்கினருக்கே போர் காய்ந்திருக்கிறது, ராணி. ஆண்டவர் சொல்லி நிறுத்திய மழைக்கே அந்தக் கதி. நான் யார் சொல்லி நிறுத்தினேன்?

டோனி போன் செய்தான். விஷயம் அவன் காதுக்கும் போய்விட்டது. கோபம் இல்லை, அவனுக்கு இயல்பாக வரும் கிண்டல்தான். “அத்தான், நீங்க போட்ட ரத்து எந்த ஊர் வரைக்கும் செல்லும்? மணப்பாறை வரைக்குமா, வையம்பட்டியும் சேர்த்தா?” என்று கேட்டான். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறேன் என்றேன். “மாடில நெல்லு போடுறீங்களா?” என்றான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, பூ உதிர ஆரம்பித்துவிட்டது, இன்னும் பத்து நாள் பார்ப்பேன், அதற்கு மேல் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான் என்று சொன்னான். நீ ஏன் அன்று அவ்வளவு சத்தமாக மன்றாடினாய் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, சாக்கின் மேல் நின்று, மழைக்காக ஜெபித்தேன். நீ இதை என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் டோரதி வாயால் ஏற்கெனவே கேட்டிருப்பாய். அவள் பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். “சார், தெளிவா ஒண்ணு சொல்லிருங்க. மழை வேணுமா, வேண்டாமா? நாங்க பதில் சொல்லணும்ல!” என்றாள்.

அன்று சாயங்காலமே மேகம் கூடியது. கருகருவென்று இடித்துக்கொண்டு வந்தது. சாக்கையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு மாடியிலேயே நின்றேன். மழையும் வந்தது, ராணி. விமான நிலையத்து ஓடுதளத்தின் மேல் வந்தது. வெள்ளைச் சுவர் எழுப்பியது போல அங்கே அரை மணி நேரம் கொட்டியது. ஈரக் காற்று என் சட்டையைத் தூக்கியது. நம் தெருவுக்கு ஒரு சொட்டு இல்லை. வையம்பட்டியிலும் இல்லை என்று டோனி சொன்னான். ஓடுதளத்தில் யார் விதைத்திருக்கிறார்கள்? யார் தளம் போட்டிருக்கிறார்கள்? எந்த அன்பியத்தில் யார் மன்றாடினார்கள்? எனக்கு வந்த கோபத்தில் பங்குத் தந்தைக்குப் போன் செய்து, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் நன்றாகச் சிரித்துவிட்டு, யோபு நூலின் கடைசி அதிகாரங்களைப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். கடைசியில் சுழல்காற்றிலிருந்து ஆண்டவர் பேசுகிறார். பதில் சொல்வார் என்று பார்த்தால், அவர் ஒரு வினாத்தாளைக் கொடுக்கிறார்! நான் உலகத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்? பனிக்கட்டியின் கிடங்கைப் பார்த்திருக்கிறாயா? கடலுக்குக் கதவு போட்டு, இதுவரைக்கும் வரலாம், இதற்கு மேல் வராதே என்று கோடு கிழித்தது யார்? எனக்கு நம் பி.டி. மாஸ்டர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது ஞாபகம் வந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டாத நாள் கிடையாது. கடல் தாண்டுவதில்லை.

அந்த வினாத்தாளில் ஒரு கேள்வி எனக்கென்றே வைத்தது போல இருந்தது. மனிதர் யாரும் குடியில்லாத பாழ்நிலத்தில் மழையைப் பெய்யவைத்து, அங்கே புல்லை முளைக்கவைப்பவர் யார் என்று ஒரு கேள்வி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஓடுதளம்தான், ராணி, அப்படியே!

அப்புறம் மிருகங்கள் வருகின்றன. ஊர்ச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கும் காட்டுக்கழுதை, முட்டையைப் போட்டுவிட்டு மறந்துபோகும் தீக்கோழி, பசித்துக் கத்தும் காக்கைக் குஞ்சு, யாராலும் தூண்டில் போட முடியாத முதலை. ஒன்றாலும் நமக்குப் பிரயோஜனம் இல்லை. ஒன்றும் நம் பேச்சைக் கேட்காது. ஆண்டவர் அதையெல்லாம் எவ்வளவு ஆசையாகச் சொல்கிறார் என்கிறாய்! பேரப்பிள்ளையின் போட்டோவை எல்லோருக்கும் காட்டும் நம் டோரதி மாதிரி. நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். கே.கே. நகரும் இல்லை, என் தளமும் இல்லை. முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. மேகத்தை மேய்ப்பது என் வேலை இல்லை என்றால், நான் சாக்கை நனைத்தால் போதும்.

யோபு என்ன செய்தான் தெரியுமா? கையை வாய்மேல் வைத்துக்கொண்டான். அத்தனை கேள்விக்கும் வெறுந்தாளைக் கொடுத்து முழு மதிப்பெண் வாங்கிய ஒரே மாணவன் அவன்தான். என் வகுப்பில் அப்படி யாராவது கொடுத்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

ஒன்று கவனித்தேன். கேட்காதே என்று ஆண்டவர் அவனிடம் எங்கேயும் சொல்லவில்லை. அத்தனை நாள் கேட்டவனை அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் புத்தி சொன்ன நண்பர்களைத்தான் கோபித்துக்கொண்டார். குறுக்கே நின்று திருத்தியவர்கள் அவர்கள். யமுனா டீச்சரும் நேற்றுப் போனில் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். “உங்க ஆண்டவர் விஷயத்துல நான் தலையிட மாட்டேன் சார். ஆனா எங்க பெருமாள் முன்னாடி போய் நின்னு ரத்து கித்துன்னு சொல்லிப் பாருங்கோ, படுத்துண்டே சிரிப்பார்.”

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை.

வீட்டுச் செய்தி வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. பால்காரர், அம்மா எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்கிறார். நான் தினமும் வானத்தைப் பார்க்கிறேன். புதன்கிழமை அன்பியக் கூட்டம் நம் வீட்டில். முறை நம்முடையது, மாற்ற முடியாது. பாயெல்லாம் உதறி வைத்துவிட்டேன். யோபுவின் அந்த வினாத்தாளைத்தான் படிக்கப் போகிறோம். பட்டாணியை எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது, எப்போது ஊறவைப்பது, பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. டோரதியிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

யமுனா டீச்சர் வீட்டுப் படி செங்குத்து, பார்த்து இறங்கு. முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா? அவர்கள் குடும்பத்தையும் உன்னையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. டோனியின் கடலைக்காட்டையும்.

இங்கே உனக்காகக் கதவைச் சாத்தாமல் இருக்கும்,
விக்டர்.

பி.கு.: புதன்கிழமை மன்றாட்டு நேரத்தில் டோனியின் நிலக்கடலைக்கு மழை கேள். முதலிலிருந்து, அன்று கேட்டதைவிடச் சத்தமாக. இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் கேள்.