பாலம் வரைக்கும் நடக்கிறேன், மிஸ்

2018 ஜூன் 5

காலையில் கிளினிக். நர்ஸ் பஸீஹா மிஸ் பிரஷர் பார்த்துவிட்டு வழக்கம்போல் கேட்டார்: "ஐயா, ஒவ்வொரு நாளும் நடக்கிற தானே?"

"நடக்கிறேன் மிஸ். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவேன்."

"நடக்கிற நேரம் நெஞ்சு அடைக்குதா?"

"இல்ல."

இது பொய்யே இல்லை. நடந்தால்தானே அடைப்பதற்கு! மிஸ், வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம், "ஐயாவப் பாருங்க, எழுபது வயசுல" என்றார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப் பற்றி யாராவது நல்லது சொல்லி எவ்வளவு காலமாயிற்று. டாக்டர் பழைய மாத்திரைகளையே எழுதினார்.

ஜூன் 11

பேக்கரிப் பாண் வண்டி வாசலுக்கே வருகிறது. வெளியே போக என்ன இருக்கிறது?

ஜூன் 17

இங்காவது உண்மையை எழுதுகிறேன். நடக்கக் கால் இல்லாமல் இல்லை. கேட்டைத் திறந்தால் கேள்வி. மருந்துக் கடையில் ஒருவர், பஸ் ஹோல்ட்டில் ஒருவர், அழகமுத்துவின் கடையில் எல்லோரும்: "அம்மா எங்க? இன்னும் வரலியா?"

மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்கு, வெள்ளவத்தைக்குப் போனாள் என் மனைவி பரிமளம். நாற்பது நாள் கழிந்ததும் வந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். குழந்தை இப்போது ஓடித் திரிகிறது. மகளுக்கு வங்கி வேலை, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். நியாயம்தான். எனக்கு ஆள் வேண்டாமா? மாநகர சபையில் வேலை செய்தபோது, தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 24

பரிமளம் போனில்.

"நடக்கிறீங்களா?"

"ம்."

"கிளினிக்ல என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியாம்."

பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

ஜூலை 8

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள்.

போன வாரம் ஒரு நாள் மழை, பாண் வண்டி வரவில்லை. ஏற்றத்தில் இருக்கும் அழகமுத்துவின் கடைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. இடது கை கனத்தது. எப்படியோ கடை வாங்கில் போய் விழுந்தேன். அழகமுத்து ஓடிவந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "ஐயா... அம்மாவுக்கு போன் போடவா?"

எந்தப் பேச்சுக்குப் பயந்து உள்ளேயே கிடந்தேனோ, அதே பேச்சு. வேண்டாம் என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது — பாண் வாங்க வந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க. அவர்தான் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கிறதாம். இது இன்று நேற்று வந்ததல்ல, நடந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஜூலை 10

கிளினிக்கில் உண்மையைச் சொல்லிவிட்டேன். பஸீஹா மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நீங்க சொல்றத வச்சுத்தானே ஐயா நாங்க மருந்து குடுக்கிற? இல்லன்னா நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். "பரிமளம், நான் நடக்கிறதே இல்ல. ஆஸ்பத்திரில இருந்தேன். நீ வா."

எந்த ஆஸ்பத்திரி, எப்போது என்று கேட்டாள். பிறகு, "நாளைக்கு ரயில்ல வர்றேன்."

ஜூலை 24

பரிமளத்தையும் கிளினிக்குக் கூட்டிப் போனேன். எதற்கும் பிரஷரைப் பார்த்து வைப்போமே என்றுதான். அவளுக்கு என்னைவிடக் கூட.

"அம்மா, நடக்கிற தானே?" என்றார் பஸீஹா மிஸ்.

"தினமும் மிஸ். வெள்ளவத்தைல கடற்கரையோரமா."

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. வந்த அன்று கண்டி ஸ்டேஷன் படியில் இடையிடையே நின்று மூச்சு வாங்கியவள். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் போய்விட, நாலாம் மாடியில் குழந்தையோடு கிடந்தவள் யாரோடு கடற்கரைக்குப் போனாள்? அவளுக்கும் அங்கே யாரும் இல்லை. இது ஏன் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை? என் வீட்டுக் கேட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மிஸ், இவளும் நடக்கல" என்றேன்.

பரிமளம் என்னை முறைத்தாள். பிறகு மிஸ்ஸின் பக்கம் திரும்பி, மெல்ல, "படி ஏறினா நெஞ்சு அடைக்குது" என்றாள்.