உட்கார்ந்தால் போதுமாம்

ஜனவரி 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நியாலாஸிலிருந்து தங்கச்சி ஜெயாவும் அவள் வீட்டுக்காரர் குகனும் வெற்றிலைத் தட்டோடு வாசலில் நிற்கிறார்கள். மகள் திலகவதிக்கு அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்யாணம். கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் சபை மூப்பர். ஞாயிறு காலை எங்கே இருப்பேன் என்று இவர்களுக்குத் தெரியாதா?

அதைக்கூட விட்டுத்தொலைக்கலாம். தாய்மாமன் முறை செய்யக் கணேஸ்வரன் நிற்கிறானாம். பெரியப்பா மகன், என்னைவிடச் சின்னவன். கூடப்பிறந்த அண்ணன் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது.

"அண்ணே, நீங்க வந்து உட்காந்தா போதும்" என்றாள் ஜெயா.

உட்கார்ந்தால் போதுமாம். அதற்கு நான் எதற்கு? இன்னொரு நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போடச் சொல்ல வேண்டியதுதானே.

ஜனவரி 6

தேவமலர் தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள். "உங்களைக் கேட்டிருந்தா செய்வீங்களா?"

"மாட்டேன். ஞானஸ்நானம் எடுத்தவன் அங்க போய்ச் சடங்கு செய்வேனா?"

"அப்புறம் என்ன?"

"கேட்டிருக்கணும்ல."

சிரிக்கிறாள். கட்டின மனைவி. அந்தத் தோசையை நான் தொடவில்லை.

ஜனவரி 7

போகப்போவதில்லை. முடிவு செய்தாயிற்று.

ஜனவரி 12, ஞாயிறு

ஜெயாவுக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கத்தான் போட்டேன், வாய் வேறு பேசிவிட்டது. குடிகாரப் பயலை மேடையில் ஏற்றுகிறாயா என்று கேட்டுவிட்டேன். கணேஸ்வரன் குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. எனக்கும் தெரியும்.

ஜெயா சொன்னாள்: "திலகா பெரியவளான சடங்குக்கு நீங்க வரலண்ணே. அவங்க அப்பா சைடு ஆளுங்க எல்லாம் தாய்மாமன் எங்க, சீர் எங்கன்னு கேட்டாங்க. புள்ள மணையில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கணேசண்ணன்தான் பாக்டரி யூனிபாமோட டவுனுக்கு ஓடிப் போயி சேலை வாங்கியாந்துச்சு. உங்களுக்குப் பிடிக்காது, தொந்தரவு பண்ண வேணாம்னுதான் இப்பவும் கேக்கல."

போனை வைத்துவிட்டாள். என்னிடமா? அப்பா போனபின் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை சுமந்து அவளைப் படிக்க வைத்தவன் நான். என்னிடமா போனை வைக்கிறாள்?

ஜனவரி 14

பொங்கல். நான் பொங்கல் வைப்பதில்லை, ஆனாலும் வருஷா வருஷம் ஜெயா போனில் கூப்பிட்டு "சாப்டீங்களாண்ணே" என்பாள். இன்று கூப்பிடவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

உபவாச ஜெபம். புக்கிட் ரம்பாய் பக்கமிருந்து புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள். பாஸ்டர் சுரேன் என்னைப் பார்த்து, "மூப்பரே, உங்க சாட்சியைச் சொல்லுங்க, இவங்க கேக்கட்டும்" என்றார்.

என் சாட்சியே அதுதான். தங்கச்சி கெஞ்சியும் அவள் மகள் சடங்குக்குப் போகாமல் ஆண்டவருக்காக உறுதியாக நின்றேன் என்பது. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்த இடம் வந்ததும் எல்லோரும் அல்லேலூயா என்பார்கள். அதற்காகவே அங்கே கொஞ்சம் நிறுத்துவேன்.

எழுந்தேன். "என் தங்கச்சி மகளோட சடங்குக்கு" என்று ஆரம்பித்தேன். கண்ணுக்குள் அந்தப் பிள்ளை மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வயிறு சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பாவி, இத்தனை வருஷச் சாட்சியை ஒரே போனில் நாசமாக்கிவிட்டாள். சாமி கும்பிட வேண்டாம், சரி. ஒரு சேலையை வாங்கிக்கொண்டு போய் "மாமா வந்திருக்கேன்மா" என்று சொல்வதை எந்த வசனம் தடுத்தது? யாருக்காக நின்றேன் நான்? ஆண்டவரே, உமக்காகவா, அந்த அல்லேலூயாவுக்காகவா? பதில் சொல்ல வேண்டாம். எனக்கு இப்போது கேட்கும் நிலைமை இல்லை.

பிப்ரவரி 1, சனி

தேவமலர் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறாள். வருகிறேன் என்று நான் சொன்னேனா? இந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனையை விட்டுவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் போதும் என்றார்கள் அல்லவா.

வாசலில் சீர்த்தட்டுகளை வைத்துக்கொண்டு கணேஸ்வரன் தவித்தான். தட்டு ஏந்த வேண்டிய அவன் மாமனார் வீட்டு ஆட்கள் வந்த வேன் வழியில் பிரேக்டவுன். நாதஸ்வரக்காரர் தயாராக நிற்கிறார். அவன் என்னைப் பார்த்தான், வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்க பயம். அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்து போய்ப் பழத்தட்டைத் தூக்கினேன்.

"அண்ணே, நீங்க எதுக்கு..."

"நட, நேரமாவுது."

அவன் முன்னால். நான் பின்னால். மண்டபமே பார்த்தது. கோபம் எங்கேயும் போய்விடவில்லை, காது சூடாகத்தான் இருந்தது. தட்டு கனம். அதைப் பிடிக்கவே கை சரியாக இருந்தது.

மேடைப்படியில் அவன் நின்றுவிட்டான். மாலையை என்னிடம் நீட்டி, "நீங்க போடுங்கண்ணே. கூடப்பிறந்தவரு இருக்கையில நான் எப்பிடி" என்றான். ஒரு மாதமாக நான் எதற்காகக் குதித்தேனோ அது என் கைக்கெட்டும் தூரத்தில். ஜெயா மேடையில் நின்று என்னையே பார்த்தாள். ஒரு மாலைதானே, போட்டிருக்கலாம். கை போகவும் போனது, பொய் சொல்ல மாட்டேன்.

"நீயே போடு. அன்னிக்கு ஓடுனவன் நீ. நான் வரல" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. குகன் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

ஜெயா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கணேஸ்வரன் மாலை போட்டான். திலகவதி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மாமா, போயிடாதீங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள்.

பந்தியில் சாம்பார் வாளியை எடுத்துப் பரிமாறினேன். ஒருவர் இன்னும் ஊற்று என்று என்னை அதட்டினார். ஊற்றினேன்.

பிப்ரவரி 8, சனி

நாளை மதியம் பெண் மாப்பிள்ளைக்கு இங்கே விருந்து. மாமா வீட்டில்தான் முதல் விருந்து என்று திலகவதி பிடிவாதமாம். ஜெயா காலையிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டுவிட்டாள். மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாதாம், கறியில் மிளகாயைக் குறைக்க வேண்டுமாம். எனக்குச் சமைக்கத் தெரியாதா? கணேஸ்வரனையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

விருந்துச் செய்தி பாஸ்டர் காதுக்குப் போயிருக்கிறது. போன் செய்தார். "நல்ல சான்ஸ் மூப்பரே. சாப்பாட்டுக்கு முன்னால உங்க சாட்சியைச் சொல்லுங்க. நானும் வரேன்."

"தாராளமா வாங்க பாஸ்டர், வந்து சாப்பிடுங்க" என்றேன். "பேச எனக்கு நேரமிருக்காது. நான் பரிமாறணும்."