இறக்குவதும் பயிற்சிதான்

மாசி 4, செவ்வாய்
விடியவே பனி. வாங்க வேண்டியது: வெள்ளை நூல், கொளுக்கி, மெஷினுக்கு எண்ணெய். தங்கை வதனியின் சட்டையை மூன்றாம் தடவை பிடித்துத் தைத்தேன். சுற்றிவளைப்பில் ஆமி அவள் புருஷனைக் கொண்டுபோன நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். பேச்சில்லை. சாப்பாடும் பேருக்குத்தான்.

முருங்கன் ஆஸ்பத்திரி டாக்குத்தர்: "குளிசையோட தாய் சி எண்டொரு சீனப் பயிற்சியும் செய்யட்டும். மனச்சோர்வுக்கு நல்லது. எடை இன்னும் குறைஞ்சா கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும்."

கொழும்பில் தனியாகவா? இவளும் திரும்பி வராமல் போய்விட்டால்?

மாசி 6, வியாழன்
வாசிகசாலை மண்டபம். பத்துப் பதினொரு பெண்கள். சொல்லிக்கொடுப்பது ராஜி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வயல் கூலிக்குப் போகிறவள். வெள்ளைக்கார டாக்குத்தர் ஒருவரிடம் இதைப் பழகினாளாம். இவளா சீனப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என்று முகத்தைச் சுளித்தேன்.

முதல் அசைவு: இரண்டு கைகளையும் மெதுவாகத் தோள் வரை. வதனியின் கைகள் தோளில் நிற்கவில்லை. தலைக்கு மேல் போய் அப்படியே நின்றன, அன்று ஆமி நிற்கச் சொன்னபடி. இறக்கவேயில்லை. பிடித்து இழுக்க ஓடினேன்.

ராஜி மறித்தாள். "விடுங்கக்கா, அவசரமில்ல. எறக்குறதும் பயிற்சிதான்."

தன் கைகளையும் அதே உயரத்துக்குத் தூக்கினாள். எல்லாப் பெண்களும் தூக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மூச்சை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம். கடைசியாக வ.வும்.

என்ன பொறுமை அந்தப் பெண்ணுக்கு! என்னை நினைக்க வெட்கம்.

மாசி 13, வியாழன்
வெயில். பள்ளிக்கூடச் சட்டைகள் ஏழு, முடியவில்லை. ராஜி இப்போது கைகளைத் தலைக்கு மேலே தூக்கி இறக்குவதில்தான் எல்லாருக்கும் தொடங்குகிறாள். நான் கும்பிடாத குறை. பக்கத்தில் ஒரு அம்மா: "நெல்லு வெட்டு நேரத்தில இவ்வளவு மெதுவா நிண்டா ஆர் கூலி தருவினம்?" வ.வின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா? தெரியாது. சோறு அதே இரண்டு பிடி.

மாசி 21, வெள்ளி
ஆஸ்பத்திரிக்கு, எடை பார்க்க. வழியில் சோதனைச் சாவடி, எல்லாரும் பஸ்ஸால் இறக்கம். ஆமிப் பெண் தடவிப் பார்க்க வ. கைகளைத் தூக்கினாள். ஆமிக்காரி முடிந்தது, போ என்றாள். கைகள் மேலேயே. எனக்கு உயிர் போய் வந்தது.

"இக்மனட்ட!" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினாள் ஆமிப் பெண். வ. அவசரப்படவில்லை. மூச்சை விட்டாள். தன் பாட்டில், மெதுவாக, இறக்கினாள். பின்னால் வரிசை முழுக்கக் காத்து நின்றது.

முருங்கனில் இறங்கியதும் வ.: "அக்கா, பசிக்குது."

இரண்டு வாய்ப்பன் வாங்கினேன். இரண்டையும் தின்றாள். ஒன்று எனக்கென்று வாங்கியது.